நடுராத்திரி கூப்பிட்டாலும் வருவேன்

சனிக்கிழமை ராத்திரி சிநேகிதி வீட்டில் படுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கிற வயதில் வீட்டில் ஒரு பிள்ளை இருந்தால் அந்த வாரம் முழுக்க யாருக்கும் நிம்மதி இருக்காது. அப்பா 'அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்' என்பார். அம்மா 'எல்லாப் பிள்ளைங்களும் போகுதாமே' என்று இழுப்பாள். வீட்டில் பாட்டி ஒருத்தி இருந்தால், 'எங்க காலத்துல இந்தக் கூத்தெல்லாம் உண்டா?' என்று ஆரம்பிப்பாள். நானும் பாட்டிதான். ஆனால் எங்கள் காலத்தில் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

வைகுண்ட ஏகாதசிக்கு ஒரு வீட்டில் பரமபதம் ஆட உட்கார்ந்தால் பாதிப் பிள்ளைகள் பாம்பு வாயில் விழுந்த இடத்திலேயே தூங்கிப்போகும். சிவராத்திரி, மாரியம்மன் திருவிழாக் கூத்து, பெரிய பரீட்சைக்கு மொட்டை மாடியில் கூடிப் படிப்பது என்று ஏதாவது ஒரு சாக்கு இருந்துகொண்டே இருந்தது. யார் வீட்டில் கண் அசந்ததோ அந்த வீட்டில் எழுந்து, அங்கேயே பல் விளக்கிக் காபியும் குடித்துவிட்டு வரும். யாரும் தேட மாட்டார்கள். இப்படிச் சொன்னதும் 'ஆஹா, அந்தக் காலம்!' என்று உருக வேண்டாம். அந்தத் தெருவில் யார் குடித்துவிட்டு வருவார், யார் கை சும்மா இருக்காது என்பது எல்லாப் பெண்களுக்கும் தெரியும். வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். 'அந்த வீட்டுக்கு வேண்டாம், இங்க வந்து படு' என்று பிள்ளையை மட்டும் இழுத்துக்கொள்வார்கள். இழுத்துக்கொள்ள ஆள் இல்லாத பிள்ளையின் பாடு என்ன என்று யாரும் கேட்டதில்லை.

நான் ஓய்வு பெறும்வரை அரசு மாணவியர் விடுதியில் காப்பாளினியாக இருந்தேன். 2025இல் இந்த விடுதிகளுக்கெல்லாம் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றினார்கள். எங்கள் நாளில் ஊர் வாயில் அது வெறும் ஹாஸ்டல். வீட்டை விட்டுப் பிள்ளை முதல் ராத்திரி வெளியே படுக்கிற காட்சியை ஒவ்வொரு ஜூன் மாதமும் பார்த்தவள் நான். எனக்கு உளவியல் பட்டம் ஒன்றும் கிடையாது. பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் பகலில் அழாது. தகரப் பெட்டியை வைத்து, அப்பாவை பஸ் ஏற்றிவிட்டு, சாயங்காலம் வாசலில் ஓடிப்பிடித்து விளையாடும். சாப்பாட்டுக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக வரிசையில் நிற்கும். விளக்கை அணைத்து அரை மணி ஆனதும் எங்காவது ஒரு மூலையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்கும். அப்புறம் அடுத்த பாய், அதற்கடுத்த பாய் என்று ஒரு வரிசையே அழும். கொஞ்ச நேரத்தில் என் கதவை யாராவது தட்டுவார்கள். 'டீச்சர், வயிறு வலிக்குது.'

அந்த வயிற்று வலிக்கு மாத்திரை கொடுப்பதில் பயன் இல்லை. வெந்நீர் ஒரு டம்ளர் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, 'உங்க வீட்டு ஆடு குட்டி போட்டுடுச்சா?' என்று கேட்பேன். 'இன்னும் இல்ல டீச்சர், சித்திரையிலேயே போடும்னாங்க' என்று ஆரம்பித்து, அந்த ஆட்டுக்குக் கொம்பு எப்படி வளைந்தது, தம்பி அதன்மேல் எப்படி ஏறினான் என்று சொல்லிக்கொண்டே போய் வாசற்படியிலேயே தலை சாயும். வீட்டைப் பற்றிப் பேசவிட்டால் ஏக்கம் ஏறும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. நான் பார்த்தவரை, பேசவிட்டால்தான் தூக்கம் வரும்.

அன்றைக்கு என்னிடம் இல்லாத ஒரு வசதி இன்று உங்களிடம் இருக்கிறது. கடைசி பஸ் போய்விட்டால் அந்தப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப எனக்கு வழி இல்லை. விடியட்டும் என்று சொல்லத்தான் முடியும். உங்கள் பிள்ளை தங்கப்போகிற வீடு அடுத்த பிளாக்கிலோ இரண்டு தெரு தள்ளியோதான் இருக்கிறது. கையில் போன், வாசலில் வண்டி. அதனால் அனுப்பலாமா கூடாதா என்பதை அப்புறம் முடிவு செய்யலாம். ராத்திரி பதினொரு மணிக்கு வெட்கப்படாமல் திரும்பி வர உங்கள் பிள்ளைக்கு வழி இருக்கிறதா? அதை முதலில் பாருங்கள். வழி இருந்தால் அனுப்புங்கள். இல்லையென்றால், போகிற வீடு தங்கமான வீடாகவே இருந்தாலும் அனுப்ப வேண்டாம்.

வழி என்று நான் சொல்வது வண்டியை மட்டும் அல்ல. 'அம்மா, என்னைக் கூட்டிட்டுப் போ' என்று அடுத்தவர் வீட்டு ஹாலில் நின்றுகொண்டு போனில் சொல்ல பெரியவர்களுக்கே நா எழாது. ஒன்பது வயதுப் பிள்ளை எப்படிச் சொல்லும்? எங்கள் வீட்டில் ஒரு வாசகம் வைத்துக்கொண்டோம். 'பாட்டிக்கு மருந்து குடுத்தாச்சா?' என்று பேத்தி போனில் கேட்டால், 'வந்து கூட்டிக்கொண்டு போங்கள்' என்று அர்த்தம். உடனே மகன் கிளம்பிவிடுவான். அங்கே போய், 'அம்மாவுக்கு உடம்பு கொஞ்சம் படுத்துது, பேத்தியப் பாக்கணும்கறாங்க' என்று என்மேல் பழியைப் போட்டு அழைத்து வருவான். அந்த வீட்டாருக்கும் மனக்குறை இல்லை, பிள்ளைக்கும் அவமானம் இல்லை. என் உடம்பு என்னமோ நன்றாகத்தான் இருக்கிறது. இந்த ஒரு காரியத்துக்காக அவ்வப்போது சுகவீனமாவதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது.

அந்த வாசகத்தை அவள் ஒரு தரம் நிஜமாகவே பயன்படுத்தினாள். வண்டியில் வரும்போது என் மகன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து பால் குடித்துவிட்டு என் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். மறுநாள் மத்தியானம் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது தானாகவே வந்து சொன்னாள். பக்கத்து அறையில் அந்த அங்கிளும் ஆன்ட்டியும் சண்டை போட்டார்களாம். குரல் ஏறவே இல்லையாம், ஆனாலும் நிற்காமல் பேசினார்களாம். 'எனக்கு அங்க இருக்கக் கூடாதுன்னு தோணிச்சு பாட்டி.' தோன்றியது சரிதான் என்றேன். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

கூட்டி வந்த ராத்திரியில் தாய் தகப்பன் வாயிலிருந்து வரவே கூடாத பேச்சு ஒன்று உண்டு: 'அப்பவே சொன்னேன்ல?' அதை ஒரு தரம் சொல்லிவிட்டால் அடுத்த தரம் பிள்ளை கூப்பிடாது. பயந்துகொண்டு விடியும்வரை விழித்துக் கிடக்கும். கூப்பிட்டே ஆகவேண்டிய ராத்திரி ஒன்று வந்தால் அப்போதும் கூப்பிடாது.

இனி அந்த வீட்டைப் பற்றி. பிள்ளை தங்கப்போகிற ராத்திரி அங்கே யார் யார் இருப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சிநேகிதியின் அம்மா அப்பாவை மட்டும் தெரிந்தால் போதாது. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கிற சித்தப்பா, காலேஜ் படிக்கிற அண்ணன், அண்ணனைப் பார்க்க வரும் கூட்டாளிகள், மாடியில் குடியிருப்பவர், இவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பேசிய பிள்ளைகளில் 53 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அதில் பாதிக்குமேல் பையன்கள். தொல்லை கொடுத்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான பிள்ளைகள் யாரிடமும் சொல்லவில்லை. பையன்தானே, அவனுக்கு என்ன ஆகும் என்று நினைக்கிற அப்பாக்கள் இந்தப் பத்தியை இன்னொரு தரம் படிக்கலாம்.

'உங்கள் வீட்டில் யார் யார் இருப்பீர்கள்' என்று நம் ஊரில் கேட்பது சுலபம் இல்லை. 'எங்க மேலேயே சந்தேகமா?' என்று முகம் மாறிவிடும். பழியை உங்கள் பிள்ளைமேலேயே போட்டுவிடுங்கள். 'எங்க பொண்ணு புது ஆளுங்களைக் கண்டா மிரளும்ங்க. யாரெல்லாம் இருப்பாங்கன்னு முன்னாடியே சொல்லி வெச்சா பயப்படாது, அதான் கேக்கறேன்.' இப்படிக் கேட்டால் எந்த அம்மாவும் கோபப்பட மாட்டாள். கேட்காத விவரத்தையும் சேர்த்துச் சொல்வாள். பிள்ளைகள் எந்த அறையில் படுக்கும், ராத்திரி வெளியே எங்காவது அழைத்துப் போவார்களா, மொட்டை மாடிக் கதவைப் பூட்டுவார்களா, குடியிருப்பில் நீச்சல் குளம் இருக்கிறதா என்பதையெல்லாம் அதே மூச்சில் கேட்டுவிடலாம். இவ்வளவு நயமாகக் கேட்டும் எரிந்து விழுகிற வீடாக இருந்தால், அந்தப் பதிலே போதும். அங்கே அனுப்ப வேண்டாம்.

விடுதியில் ஒரு பெண் இருந்தாள். ஊர் தூரம் என்பதால் வார விடுமுறைக்குத் தெரிந்தவர் வீட்டில் தங்கிவிட்டு வருவாள். ஒரு திங்கட்கிழமை வந்தவள், அடுத்த வெள்ளிக்கிழமை 'லீவு விட்டாச்சு, கிளம்பு' என்றதும் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டாள். தொட்டுப் பார்த்தால் உடம்பு சுடவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் காய்ச்சல். மூன்றாவது வெள்ளிக்கிழமை நான் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையை வாரினேன். பின்னல் பாதி முடிவதற்குள் சொல்லிவிட்டாள். நான் எனக்கு மேலிருந்தவரிடம் போனேன். 'பொம்பளப் புள்ள விஷயம், பெரிசு பண்ணாதீங்க, அது பேருதான் கெடும்' என்றார். அந்தப் பெண்ணை நான் திரும்ப அந்த வீட்டுக்கு அனுப்பவில்லை. அவள் அம்மாவை வரவழைத்துப் பேசினேன். அதற்குமேல் காரியம் நகரவில்லை. அந்த வீட்டுக்காரர் வழக்கம்போல வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தெருவில் நடந்தார்.

இன்றைக்கு எவரும் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழே ஆண், பெண் என்ற பேதமே அதில் இல்லை. தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் மறைப்பதே குற்றம். ஆறு மாதம் வரை சிறை. பிள்ளைகளுக்கான உதவி எண் 1098, இருபத்து நான்கு மணி நேரமும், கட்டணம் இல்லாமல். வாய்ப்பாட்டோடு சேர்த்து இந்த எண்ணையும் உங்கள் போன் நம்பரையும் பிள்ளைக்கு மனப்பாடமாக்குங்கள். இப்போது பிள்ளைகளுக்கு அம்மாவின் நம்பரே தெரிவதில்லை. போனில் 'அம்மா' என்று இருப்பதைத் தொட்டால் மணி அடிக்கிறது. சார்ஜ் போய்விட்டால் அம்மாவும் போய்விடுகிறாள். தன் வீட்டு நம்பரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்லத் தெரியாத பிள்ளையை வெளியே படுக்க அனுப்பக் கூடாது என்பது என் கட்சி. வயது என்ன என்று கேட்டால், மூன்றாம் வகுப்புக்குக் கீழே வேண்டாம் என்பேன். இதற்கு ஆதாரம் ஒன்றும் என்னிடம் இல்லை, என் அனுபவம்தான்.

தங்கிவிட்டு வரும் பிள்ளையிடம் நாம் செய்கிற அசிங்கம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிடுவோம். 'அவங்க வீட்டுல ஏசி எத்தனை ரூம்ல? மாமியார் அங்கயே இருக்காங்களா? காலையில டிபன் கடையில வாங்கினாங்களா, வீட்டுல செஞ்சாங்களா?' பிள்ளையை வேவு பார்க்க அனுப்பினோமா, விளையாட அனுப்பினோமா? அடுத்தவர் வீட்டில் ராத்திரி தங்குகிறவருக்கு அந்த வீட்டின் திரை விலகித் தெரியும். அங்கிள் குறட்டை விடுவது தெரியும், கடன்காரர் போன் பண்ணியது தெரியும், பாட்டிக்குப் படுக்கையிலேயே எல்லாம் என்பது தெரியும். பார்த்ததைப் பார்த்த இடத்திலேயே விட்டுவிட்டு வரப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் நாம்.

அதற்கு ஒரு விலக்கும் உண்டு; இதைப் பிள்ளைகளுக்கே நேராகச் சொல்கிறேன். அந்த வீட்டு விஷயம் அந்த வீட்டோடு இருக்கட்டும், கண்ணு. ஆனால் உன்னைத் தொட்டது, உனக்குக் காட்டியது, உன்னைப் படம் எடுத்தது, 'இதை உங்கம்மாகிட்ட சொல்லாதே' என்று உன்னிடம் சொன்னது, இவை எதுவும் அந்த வீட்டு விஷயம் அல்ல. உன் விஷயம். சொன்னவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், சாக்லேட் வாங்கிக் கொடுத்திருந்தாலும், நீ சத்தியமே செய்திருந்தாலும், வந்து சொல். அந்தச் சத்தியத்தை மீறினால் சாமி கோபிக்காது. சாமி கோபித்தால் பாட்டி பேசிக்கொள்கிறேன்.

பிள்ளைகளோடு பேச ஆரம்பித்துவிட்டேன், மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். போன வீட்டில் சாப்பிட்ட தட்டை எடுத்துப் போடு. படுத்த போர்வையை மடித்து வை. ஃபிரிட்ஜைக் கேட்காமல் திறக்காதே. 'எங்க வீட்டுல சாம்பார் இப்படி இருக்காது' என்று சொல்லாதே. அவர்கள் வீட்டுச் சாம்பார் அப்படித்தான் இருக்கும், அதைத் தெரிந்துகொள்ளத்தானே போனாய். சாப்பிட்டுப் பழக்கமில்லாததை வைத்தால் முகம் சுளிக்காமல் 'பழக்கமில்லை ஆன்ட்டி' என்றால் போதும். சாமி அறை, தொழுகைப் பாய், சிலுவை எது இருந்தாலும் அவர்கள் கும்பிடும் நேரத்தில் சத்தம் போடாமல் இரு. கிளம்பும்போது அந்த வீட்டுப் பெரியவரிடம் போய்ச் சொல்லிக்கொண்டு கிளம்பு. வாசலில் நின்று 'பை' என்று கத்திவிட்டு லிஃப்டில் ஏறுவது சொல்லிக்கொள்வது ஆகாது.

படுக்கையில் மூத்திரம் போகும் பிள்ளைகள் தங்குவதற்கே பயப்படும். அதை யாரிடமும் சொல்லவும் முடியாது. ஐந்து வயதில் நூற்றுக்குப் பதினைந்து பிள்ளைகளும் பத்து வயதில் நூற்றுக்கு ஐந்து பிள்ளைகளும் ராத்திரி நனைப்பதுண்டு. அதாவது நாற்பது பேர் உள்ள ஐந்தாம் வகுப்பில் ஒன்றிரண்டு பேர். விடுதியில் வருடா வருடம் இருந்தார்கள். விடியுமுன் எழுப்பிப் பாயை மாற்றிவிடுவேன், பக்கத்துப் பாய்க்குத் தெரியாது. உங்கள் பிள்ளை அப்படி என்றால் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரைக் குறைத்து, படுக்குமுன் பாத்ரூம் போகச் சொல்லி, பையில் மாற்று உடுப்பும் ஒரு ரப்பர் ஷீட்டும் வைத்து, அந்த வீட்டு அம்மாவிடம் மட்டும் காதோடு சொல்லி வையுங்கள். திட்டி நிறுத்த முடிகிற காரியம் இல்லை அது.

பெண் பிள்ளைக்குப் பத்து வயது தாண்டிவிட்டால் பையில் இரண்டு நாப்கின் இருக்கட்டும், இன்னும் வரவில்லை என்றாலும். வரும் நாளை யார் கண்டது? விடுதியில் முதன்முதலாக வந்த பிள்ளைகள் அடிபட்டுவிட்டது என்றும் செத்துவிடுவோம் என்றும் நினைத்து அழுததைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அடுத்தவர் வீட்டில், அதுவும் சாமி அறைக்குப் பக்கத்தில் படுத்திருக்கும்போது வந்தால் பிள்ளை தவித்துப்போகும். 'வந்தா ஒண்ணும் தப்பு இல்ல, ஆன்ட்டிகிட்ட சொல்லு, எனக்கு போன் பண்ணு' என்று முன்னாலேயே சொல்லி வைத்தால் அந்தத் தவிப்பு பாதியாகும். இழுப்பு உள்ள பிள்ளைக்கு இன்ஹேலர், வலிப்பு மாத்திரை, வேர்க்கடலை ஆகாது என்றால் அந்தச் செய்தி, இவற்றைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விடும்.

நம் வீட்டுக்குத் தங்க வரும் பிள்ளையை எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் எனக்கு என் வயதுக்காரர்கள்மேல் கோபம். பிள்ளை வந்து ஹாலில் உட்காரும். பாட்டி பேச்சுக் கொடுப்பாள். 'சொந்த ஊரு எது கண்ணு?' ஊர் சொன்னதும், 'அங்க எந்தத் தெரு?' தெரு தெரியாது என்றால், 'உங்க குலதெய்வம் என்ன சாமி?' ஊரும் தெருவும் சாமியும் கேட்டு எங்கே வந்து நிற்கப்போகிறாள் என்று நமக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கும் தெரியும். ஆறாம் வகுப்பில் படிக்கிற பிள்ளைக்குத் தெரியாதா? பதில் பிடிக்கவில்லை என்றால் அதற்கப்புறம் தண்ணீர் வருகிற டம்ளர் மாறும். சில வீடுகளில் டம்ளர் மாறாது, பிள்ளை போனபின் கழுவுகிற விதம் மாறும். பாட்டி செய்வதைப் பேத்தி பார்த்துக்கொண்டிருப்பாள்; அவள் அன்று கற்றுக்கொள்வதை எந்தப் பள்ளிக்கூடத்தாலும் அழிக்க முடியாது. எங்கள் விடுதியில் பல தெருப் பிள்ளைகள் அடுத்தடுத்த பாயில் படுத்து, ஒருத்தி எண்ணெயை இன்னொருத்தி தலைக்கு வைத்து வளர்ந்தார்கள். ஊருக்குப் போனால் அந்தச் சிநேகிதி வீட்டுத் திண்ணை வரைதான் அனுமதி என்று திரும்பி வந்து சொல்வார்கள். அதனால்தான் ராத்திரி தங்குவது நல்லது என்று இவ்வளவு பயத்துக்கு நடுவிலும் வாதாடுகிறேன். தன் வீட்டு அடுப்படிக்குள் வந்து தோசை சுட்டுத் தின்றுவிட்டு, தன் தலையணையில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு தூங்கிய சிநேகிதியை எந்தத் தெரு என்று பிற்பாடு பிரிக்கிறது கஷ்டம்.

வந்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் முறையில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. பாத்ரூம் விளக்கை அணைக்காமல் விடுங்கள். நீங்கள் படுக்கும் அறையைக் காட்டி, 'என்ன வேணும்னாலும் கதவைத் தட்டு' என்று சொல்லுங்கள். பத்து மணிக்கு எல்லார் போனும் ஹால் மேசைக்கு வரட்டும், உங்களுடையதும் சேர்த்து. ஆனால் வந்த பிள்ளை வீட்டுக்குப் பேச வேண்டும் என்றால் எந்நேரமும் போனைக் கையில் கொடுங்கள். தூங்குகிற பிள்ளைகளைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள். 'பாரு, அவ எவ்வளவு சமத்தா சாப்பிடறா' என்று உங்கள் பிள்ளையை இடிக்காதீர்கள். வந்தவள் நாளைக்கு உங்கள் பிள்ளையின் எதிரியாகிவிடுவாள். ராத்திரி இரண்டு மணி வரை பேசித்தான் தூங்குவார்கள், அதற்காகக் கத்த வேண்டாம். ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை 9 மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள். எனவே ஞாயிற்றுக்கிழமை காலை அபாகஸ், கராத்தே எதுவும் வைக்காமல் தூங்க விடுங்கள்.

பெரிய பையன்கள் விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. இவன் அவன் வீட்டில் படிப்பதாகவும், அவன் இவன் வீட்டில் படிப்பதாகவும் சொல்லிவிட்டு இரண்டு பேரும் மூன்றாவது இடத்துக்குப் போவது புதுப் பழக்கம் அல்ல. என் அண்ணன்மார் செகண்ட் ஷோ பார்த்தது இப்படித்தான். இன்று சினிமாவோடு நிற்பதில்லை, அப்பாவின் பைக்கை எடுத்துக்கொண்டு பைபாஸில் ஒரு ரவுண்டு. பதினெட்டு நிறையாதவன் வண்டி ஓட்டிக் குற்றத்தில் சிக்கினால் 2019 திருத்தச் சட்டப்படி பெற்றவருக்கோ வண்டிக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. இரண்டு அம்மாக்கள் ஒரு தரம் போனில் பேசிக்கொண்டால் இந்தக் கதை ஆரம்பிக்கும் முன்னேயே முடிந்துவிடும். வண்டிச் சாவி உங்கள் தலையணைக்கு அடியில் இருக்கட்டும்.

என்ன சொன்னாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை என்கிறவர்கள் அனுப்ப வேண்டாம். அதிலும் தப்பில்லை. ஆனால் 'நம்ம வீட்டுல அப்படி வழக்கமில்லை' என்று கதவைச் சாத்துவதற்குப் பதில் பாதி ராத்திரிக்கு ஒத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் போகட்டும், அங்கே சாப்பிடட்டும், நைட்டியோ பைஜாமாவோ மாட்டிக்கொண்டு பேய்க் கதை பேசட்டும், பத்தரைக்குப் போய் அழைத்து வாருங்கள். பாதிப் பிள்ளைகளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அல்லது அந்தப் பிள்ளையை உங்கள் வீட்டுக்கு வரவழையுங்கள்.

பேச்சை நீட்டிவிட்டேன். இந்த வாரம் உங்கள் பிள்ளை கேட்டிருக்கிறது என்றால் சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். நாளைச் சாயங்காலம் அந்த வீட்டு அம்மாவைக் காபிக்குக் கூப்பிடுங்கள், அல்லது நீங்கள் போய்க் குடித்துவிட்டு வாருங்கள். வீட்டுக்கு வந்து பிள்ளையோடு ஒரு வாசகம் பேசி வையுங்கள். எங்கள் வீட்டு வாசகம் வேண்டாம், அது இப்போது உங்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. வேறு ஒன்று யோசியுங்கள்.